உதட்டு வசனம்

“காது கேட்காத பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒரு டீச்சர் வந்திருக்காங்க. உங்க ரெண்டு பேரைப் பத்திதான் பேசணுமாம்!”

டைரக்டர் போட்ட சத்தத்தில் மேக்கப் அறைக் கண்ணாடி அதிர்ந்தது. பாதி மீசை ஒட்டியிருந்த கதாநாயகன், தலை வாரிக்கொண்டிருந்த கதாநாயகியைப் பார்த்தான்.

“எங்களைப் பத்தி என்ன சார்?”

“அந்தப் பிள்ளைங்க உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிச்சிடுமாம்!”

கதாநாயகன் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

அது பேசாப் படக் காலம். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவனை, ‘உன் கண்ணே பேசுதுய்யா’ என்று ஒரு கேமராமேன் இழுத்து வந்து ஒன்பது வருடம் ஆகிறது. பதினாலு படம். எல்லாவற்றிலும் இந்தக் கதாநாயகியே ஜோடி. கேமரா முன்னால் வாய் அசைந்தால் போதும். வசனத்தை அட்டையில் எழுதிப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். ‘அன்பே, உனக்காக மலையையும் பெயர்ப்பேன்’ என்று அட்டை உருகுகிற இடத்தில், “வெங்காயம் தின்னுட்டு வராதேன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று அவன் கண்கலங்குவான். “காலை மிதிக்காதே, எருமை!” என்று அவள் மார்பில் சாய்வாள். தியேட்டரே விம்மும்.

“பேப்பர்ல வந்தா முதலாளி உங்களை வெளியில தள்ளுவார். அதுக்கு முன்னாடி என்னைத் தள்ளுவார்!” என்று டைரக்டர் தலையில் கை வைத்தார்.

கையில் குடையோடு டீச்சர் உள்ளே வந்தார்.

“மன்னிக்கணும்மா. இனிமே ரெண்டு பேரும் வாயையே திறக்க மாட்டாங்க,” என்று டைரக்டர் முந்திக்கொண்டார்.

“ஐயோ, அப்படிச் செஞ்சிடாதீங்க! ஊரே அழும்போது எங்க பிள்ளைங்க மட்டும் வயிறு வலிக்கச் சிரிக்கிறாங்க. வேற எந்தப் படத்துக்கும் வரமாட்டேங்கிறாங்க.”

டைரக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்புறம் என்னம்மா பிரச்சினை?”

“போன வாரம் வந்த படம். கடைசியில, துறைமுகத்துல இவர் விடைபெறுற இடம்.”

கதாநாயகி கீழே விழுந்த சீப்பை எடுக்கக் குனிந்தவள், நிமிரவே இல்லை.

“அங்கே இவர் சண்டை போடலை. ‘படத்துல இத்தனை தடவை கட்டிக்கிட்டோம். நிஜத்துல ஒரு தடவை கட்டிக்கிறியா?’ன்னு கேட்டார். இந்தம்மா சட்டுனு கேமராவுக்கு முதுகைக் காட்டிட்டாங்க. என்ன பதில் சொன்னாங்கன்னு தெரியாம ஒரு பிள்ளையும் பாடத்துல உட்காரலை. கேட்டுட்டுத்தான் வரணும்னு என்னை அனுப்பியிருக்காங்க.”

டைரக்டர் வாயைப் பிளந்தார். “டேய், என்னடா சொன்னா?”

“எனக்கு எப்படி சார் தெரியும்?” என்றான் கதாநாயகன். “அந்த நேரம் பார்த்து நீங்கதான் காது கிழிய ‘கட்’னு கத்தினீங்களே! மறுபடி கேட்க எனக்குத் தைரியம் வரலை.”

“சரின்னுதான் சொன்னேன்,” என்றாள் அவள், தலை நிமிராமலே. “மூணு மாசமா நீதான் ஒண்ணும் பேசலை.”