தெரிந்த கோப்புகள்

“எந்நேரமும் லேப்டாப்பும் கையுமா இருக்கான். நான் கிட்டப் போனா பட்டுன்னு மூடிடறான். எவளோ ஒருத்தி இருக்காடி!” என்று பொருமினாள் தோவே.

“உன் புருஷனுக்கா? அந்த அசட்டு அஸ்கரை எவ சீந்துவா?” என்று சிரித்தாள் வீபெக்கெ. “இன்னிக்கு வேணாம், நாளைக்கு அதை இங்க எடுத்துட்டு வா. நம்ம மெஷின்ல போட்டுப் பாத்துடு.”

ஆர்ஹுஸ் நகரின் ஒரு தடய ஆய்வுக்கூடத்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. கணினியில் ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போலத் தனி அடையாள எண் ஒன்று உண்டு. ஊரறிந்த மென்பொருள்களின் கைரேகைகளைப் பட்டியலில் சேர்ப்பது வீபெக்கெயின் வேலை. பட்டியலில் உள்ளதை மெஷின் ஒதுக்கிவிடும். மிச்சத்தை மட்டும் தோவே ஆராய்வாள்.

மறுநாள் அஸ்கரின் லேப்டாப்பில் மிஞ்சியவை கல்யாணப் படங்களும் நாய்க்குட்டியின் படங்களும்தான். தோவேக்கு வயிற்றெரிச்சல் அடங்கியது.

“நான்தான் சொன்னேன்ல! இரு, காபி எடுத்துட்டு வரேன்” என்று எழுந்து போனாள் வீபெக்கெ.

மூடுவதற்கு முன், ஒதுக்கப்பட்ட குவியலையும் சும்மா திறந்து பார்த்தாள் தோவே. விண்டோஸ் கோப்புகள், சதுரங்க விளையாட்டு. அவற்றின் நடுவே, ‘ஸ்காகன் கடற்கரை’ என்று ஒரு கட்டுப் புகைப்படங்கள்.

அவளை அஸ்கர் ஸ்காகனுக்குக் கூட்டிப்போனதே இல்லை. அந்தப் படங்கள் எப்படி ஊரறிந்த மென்பொருள் ஆயின? கோப்பு கையில் இருந்தால்தானே கைரேகை எடுத்துப் பட்டியலில் சேர்க்க முடியும்!

“என்னடி, சந்தேகம் தீந்துதா?” என்று காபியை நீட்டினாள் வீபெக்கெ.

“சுத்தமா தீந்துது” என்றாள் தோவே, கோப்பையை வாங்காமல்.