மேஸ்திரி

கதவு நகரவில்லை.

தோளைக் கொடுத்துத் தள்ளினாள். இம்மிகூட அசையவில்லை.

"மேஸ்திரி!"

உள்ளே சத்தமில்லை.

இடுப்பில் செருகிய காகிதப் பையில் முட்டைக்கருவும் சர்க்கரையும் அடைத்த பலகாரம் கசிந்து சேலையில் ஒட்டியது. அதை வாங்கி வர நாற்பது நிமிஷம்.

கோட்டையைப் பார்த்துவிட்டு வாடகை அறைக்கு வரும்போது மூன்றரை. வந்ததும் புருஷன் வழக்கம்போல இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டார். ஊரில் ஊசி இறங்குமுன் தட்டில் சோறு விழுந்திருக்கும். போர்ச்சுகலில், இந்தக் கிமராயிஷில், மூன்று மணிக்கு மேல் சாப்பாட்டுக்கடைகளில் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள் என்று யார் கண்டது?

சர்க்கரை இறங்கினால் வாயில் போட வைத்திருந்த மிட்டாய் டப்பா மகள் பையில் போய்விட்டது. இங்கே படிக்கிறவள் அவள்தான். ஊர் பார்க்கக் கூட்டிவந்தவளும் அவள்தான். இன்று அவளுக்குப் பரீட்சை. சாயங்கால ரயிலில் வருவாள்.

"படுத்திருங்க. பூட்டிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஓடினாள்.

பூட்டிக்கொண்டார். வேலை நடக்கிற கட்டிடங்களில் திருட்டுக்குப் பயந்து பூட்டிப் படுத்து வந்த பழக்கம்.

உள்ளே போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது.

மறுபடி அடித்தது.

அவர் எடுக்கவில்லை.

வீட்டுக்காரம்மா மாடிப்படி ஏறி வந்தாள். அறுபது வயசிருக்கும். கையெல்லாம் சோப்பு நுரை.

"சாவி! சாவி!" என்று இவள் பூட்டைக் காட்டிக் கத்தினாள்.

"சாவ்?"



"சாவு இல்ல. சாவி! உன் வாயில நல்ல பேச்சே வராதா?"

"சாவ், சாவ்" என்று வீட்டுக்காரம்மா தலையாட்டிக்கொண்டே கீழே ஓடினாள். வளையத்தோடு சாவி வந்தது. இந்த ஊர்ப் பேச்சில் சாவிக்கு அதுதான் பேர் போல.

துவாரத்தில் வைத்தாள். பாதிகூட இறங்கவில்லை. உள்பக்கம் அவர் சாவி செருகியே இருந்தது.

இவள் இரண்டு கையாலும் கதவைக் குத்தினாள்.

"மேஸ்திரி! மேஸ்திரி!"

வீட்டுக்காரம்மாவின் முகம் மாறியது. "மெஸ்த்ரே?"

"ஆமா, மேஸ்திரி! உள்ளதான் இருக்காரு."

அதைக் கேட்டதும் அந்தம்மா ஈரக்கையோடு படியிறங்கி ஓடினாள். வாசல் கதவு அறைந்த சத்தம் கேட்டது.

பயந்து ஓடிவிட்டாள் என்று நினைத்தாள்.

தரையில் உட்கார்ந்து கதவின் அடிச்சந்தில் கண்ணை வைத்தாள். கட்டிலின் கால் தெரிந்தது. அதன் அருகே அவருடைய பாதம். வெடித்த குதிகால் மேலே பார்த்துக் கிடந்தது.

படியில் கனத்த காலடி.

ஒரு ஆள். புருவமெல்லாம் சுண்ணாம்புத் தூள். கையில் கடப்பாரை. பின்னாலேயே மூச்சிரைக்க வந்த வீட்டுக்காரம்மா அந்த ஆளைக் காட்டினாள்.

"மெஸ்த்ரே!"

அடுத்த சந்தில் பழைய வீட்டுச் சுவரில் கல் மாற்றிக்கொண்டிருந்த ஆள்; இவர்கள் ஊர் மேஸ்திரி. காலையில் அங்கே நின்று வேடிக்கை பார்த்த புருஷன், "கலவையில தண்ணி ஜாஸ்தி. வெள்ளைக்கார மேஸ்திரின்னா மட்டும் ஒழுங்கா செஞ்சிருவானா?" என்று சிரித்தது இந்த ஆளைப் பார்த்துத்தான்.

அவன் பூட்டுக்குப் பக்கத்தில் கடப்பாரையைச் செருகினான். சாய்த்தான். வழுக்கியது. மறுபடி செருகினான். மறுபடியும் வழுக்கியது.

அவள் கண் சுற்றிலும் தேடியது.

படிக்கட்டு ஜன்னலுக்கு அண்டை கொடுத்திருந்த கட்டையைப் பிடுங்கினாள். ஜன்னல் தடாரென்று சாத்திக்கொண்டது. கடப்பாரைக்கும் நிலைக்கும் நடுவே கட்டையைக் கொடுத்து, விரலை இழுத்துக்கொண்டாள்.

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான்.

முப்பத்தொரு வருஷச் சித்தாள். கட்டை எப்போது வேண்டும், எங்கே வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

சாய்த்தான். மரம் பிளந்தது.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. உடம்பு சில்லென்றிருந்தது.

மூச்சு இருந்தது.

ஒருக்களித்துப் புரட்டினாள். பலகாரத்தைப் பிய்த்து உள்ளே இருந்த இனிப்பை விரலில் வழித்து, கன்னத்தின் உட்புறம் தடவினாள். இன்னும் கொஞ்சம் வழித்து ஈறில் தேய்த்தாள். வீட்டுக்காரம்மா போனில் ஆஸ்பத்திரி வண்டிக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

"மேஸ்திரி... மேஸ்திரி, எந்திரிங்க."

மண்டியிட்டிருந்த அந்த ஆள்தான் திரும்பிப் பார்த்தான்.

அவர் அசையவில்லை.

"மேஸ்திரி!"

அந்த ஆள் தன் மார்பைத் தொட்டு, என்ன செய்யணும் என்பதுபோல் கையை விரித்தான்.



புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று தாலி ஏறிய அன்றே மாமியார் சொல்லியிருந்தாள். ரேஷன் கடையில் பேர் கேட்டால் கார்டை நீட்டுவாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் மகளைப் பார்ப்பாள்.

அவர் மூச்சு நின்று நின்று வந்தது.

தாலிக்கயிற்றை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் காதருகே குனிந்தாள்.

"அங்கமுத்து."

குரல் வரவில்லை; காற்றுதான் வந்தது.

அவர் கீழுதடு லேசாக அசைந்தது. ஒட்டியிருந்த சர்க்கரையை நாக்கு தேடியது.

மற்ற இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கயிற்றை விட்டாள். இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்தாள்.

தெருவுக்கே கேட்கும்படி பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.