ஐந்தாவது கண்ணாடி

கலங்கரை விளக்கத்தின் கதவைத் திறந்துவிட்டு, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டே அத்தை கேட்டாள்.

“வந்தாச்சா மகாராணி? இந்தத் தடவை யாரு குடியக் கெடுக்கப் போற?”

அவள் ஆபீஸ் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள்.

ஆறு மாதமாக முகம் கொடுத்துப் பேசாத அத்தை. வசவாக இருந்தால் என்ன, வாயைத் திறந்தாளே.

கோபுரத்தின் காலடியில், பாறைமேல் எட்டு வீடுகள். எட்டும் பூட்டிக் கிடக்கின்றன. மூன்றாவது வீடு அத்தையுடையது; கோபுரத்துச் சாவி இன்னும் அவளிடம்தான். சுவர் நகர்கிறது, கோபுரம் எப்போது வேண்டுமானாலும் சரியலாம் என்று அறிக்கை எழுதியவள் இவள்தான். மேலிடம் ஆடிப்போய்ப் பத்தே நாளில் எல்லோரையும் கிளப்பிவிட்டது. ஊர்க்கோடியில் தகரக் கொட்டகை. அத்தை மகள் அங்கேதான் பிள்ளை பெற்றாள். கொட்டகைக்குப் பிள்ளையைப் பார்க்கப் போன இவளை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள்.

“நூத்தம்பது வருஷமா நிக்குதும்மா இது. நீ பாஸ் பண்ணி ரெண்டு வருஷம்கூட ஆகல” என்றார் தலைமை இன்ஜினியர், அறிக்கையைப் பார்த்த அன்று.

அவர் அப்பா இன்ஜினியர், தாத்தா இன்ஜினியர். இவள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியதே இவள் ஒருத்திதான். அது அவருக்குத் தெரியும். தெரியும் என்பது இவளுக்கும் தெரிகிற மாதிரிதான் பேசுவார்.

ஆறு மாடியிலும் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றைச் சிமெண்ட் வைத்து ஒட்டச் சொன்னவரும் அவரே. சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். நகராவிட்டால் உடையாது. வாய்ச்சவடாலுக்கு இதில் வேலை இல்லை.

“ஆறு மாசம் கழிச்சு நீயே போய் போட்டோ எடு. உடையலேன்னா அந்த எட்டு வீட்டு ஆளுங்க கிட்டயும் நீயேதான் போய்ச் சொல்லணும்.”

இன்று ஆறு மாதம் முடிந்தது. முட்டி வலி என்று அவர் கீழே ஜீப்பிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

முதல் மாடி. கண்ணாடி முழுசாக இருந்தது. ஸ்கேலைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்தாள்.

இரண்டாம் மாடியிலும் முழுசு.

மூன்றாம் மாடியில் குனிந்து ஊதினாள். தூசிக்கு அடியில் ஒரு கீறலாவது இருக்காதா என்று விரலால் துடைத்தாள். இல்லை. ஒரு கட்டடம் நகர்ந்திருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்கிற இன்ஜினியர் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

நான்காம் மாடிக் கண்ணாடி நேற்றுக் கடையில் வாங்கியது போல இருந்தது. அவள் முகம் அதில் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

சன்னல் பொந்தில் காற்று ஊளையிட்டது. கீழே அலை பாறையில் மோதி வெள்ளையாகச் சிதறியது. கொட்டகை வாசலில் நின்று என்னவென்று சொல்வது? தப்பாகச் சொல்லிவிட்டேன், வீட்டுக்குத் திரும்பி வாருங்கள் என்றா? செருப்பைக் கழற்றினாலும் ஆச்சரியம் இல்லை. கழற்றட்டும். கொட்டகையில் பிறந்த பிள்ளையை என்ன சொல்லிச் சமாதானம் செய்வது?

ஒவ்வொரு படியாக ஏறினாள்.

ஐந்தாம் மாடி.

கண்ணாடி இரண்டாக இருந்தது.

அவள் முட்டி போட்டாள். டார்ச்சை அடித்தாள். கல் பட்டு உடைந்ததில்லை, சில்லு சிதறவில்லை. விரிசலுக்கு நேராக, கோடு கிழித்தது போல உடைந்து, இரண்டு துண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருந்தன. நடுவில் நகத்தை விட்டுப் பார்த்தாள். நகம் உள்ளே போனது.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. ஆறு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிக் கடலில் போட்டது போல மூச்சு விட்டாள்.

“அத்தே! உடைஞ்சிருக்கு! சுவர் நகருது, அத்தே!”

குரல் படிக்கட்டைச் சுற்றிச் சுற்றிக் கீழே போனது.

பிறகு அத்தையின் குரல் மேலே வந்தது. பழைய அத்தையின் குரல்.

“அதுக்கு ஏன்டி அங்கயே நிக்கற? இறங்கி வா மொதல்ல. அந்தச் சுவருமேல சாயாத!”

“ஒரு போட்டோ அத்தே, இதோ வந்துட்டேன்!”

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கீழ் மாடிகளில் செய்தது போலவே, சாக்பீஸால் விரிசலுக்குப் பக்கத்தில் மாடி எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். எண்ணும் படத்தில் விழும்படி மூன்று முறை எடுத்தாள்.

அறிக்கைக்காகப் படம் எடுத்தபோது இப்படி எழுதவில்லை. அதற்கு முந்தைய வருஷம் எடுத்தபோதும் எழுதவில்லை.

ஒரே வருஷத்தில் முடி அளவு விரிசல் தீக்குச்சி அளவாகிவிட்டது, பாருங்கள் என்று சிவப்பு வட்டம் போட்டு, அறிக்கையில் பக்கத்துப் பக்கத்தில் அவள் ஒட்டிய இரண்டு படங்களும் ஒரே விரிசல் அல்ல.

முதல் படம் நான்காம் மாடி. இரண்டாவது ஐந்தாம் மாடி.

அது அவளுக்குத் தெரியவந்த அன்று, எட்டாவது வீட்டுச் சாமான்களும் வண்டியேறிப் போய்விட்டிருந்தன.