பெரிய கட்டு

"மூணு வயசுல முன்தோல் ஒட்டியிருக்கது சகஜமாக்கும். வளர வளரத் தானே விலகும். சுன்னத் ஒண்ணும் வேண்டாம்" என்றார் பாறசாலை டாக்டர்.

பிள்ளையின் தகப்பன் சுவாமிதாஸ் விடவில்லை. தேங்காய் வியாபாரி, பேரத்தில் இறங்கினார்.

"நாளைக்கே செய்யணும் சாரே."

"ஒரு வருஷம் பாப்போமே."

"ஒரு நாள்கூட முடியாது."

டாக்டர், பிள்ளையின் தாய் கிருபாபாயைப் பார்த்தார். "மூத்திரம் நல்லாப் போகுதா?"

"ஒரு கொறையும் இல்ல சாரே. நேத்து வரைக்கும் இவரு பிள்ளையைத் திரும்பிப் பாத்ததுகூட இல்ல."

சுவாமிதாஸ் குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சமா வெட்டினாப் போதும். கட்டு மட்டும் பெருசாப் போடுங்க. ஒரு வாரம் தகப்பன் கூடவே இருக்கணும்னு ஒரு சீட்டும் எழுதித் தாங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

அப்போது கட்சிக்காரர் செல்லையன் கையில் மாலையோடு நுழைந்தார்.

"இங்கயா இருக்கிய அண்ணே? நம்ம தாலூக்கா தமிழ்நாட்டோட சேரணும்னு நீங்க பேசினதைக் கேட்டு இருபது பேரு ஜெயிலுக்குத் தயார். நாளைக்கு மறியல்ல முதல் ஆளு நீங்கதான்!"

"பிள்ளைக்கு ஆப்பரேஷனாக்கும், செல்லையா..." என்று இழுத்தார் சுவாமிதாஸ்.

கிருபாபாய் பிள்ளையை மேசையிலிருந்து வெடுக்கென்று தூக்கினாள்.

"டாக்டரே, அந்தப் பெரிய கட்டை இவரு வாயில போடுங்க."