எஞ்ஜின் வைத்தியர்

"மறுபடியும் இருமுது, பாரு" என்றாள் மனைவி விளாஸ்டா, காளான் கூடையோடு கராஜ் வாசலில் நின்றபடி.

"எனக்குக் காது கேக்கும்" என்றார் ஓல்ட்ரிச். தரையில் மல்லாந்து கிடந்தார். அவர் தலைக்கு மேலே அறுபத்திரண்டாம் வருஷத்து மோட்டார்சைக்கிள், டுக் டுக் டுக் டுக் என்று நாலு தரம் ஒழுங்காக அடித்துவிட்டு ஐந்தாவதாக ஓர் இருமல் இருமியது. மறுபடி நாலு. மறுபடி இருமல்.

பழைய வண்டிகள் சங்கத்தின் மாதப் பத்திரிகையில் 'எஞ்ஜின் வைத்தியர்' பகுதியைப் பன்னிரண்டு வருஷமாக எழுதுபவர் ஓல்ட்ரிச். மொராவியாவில் எந்த மூலையில் எந்தப் பழைய வண்டி மக்கர் பண்ணினாலும் அவருக்குத்தான் கடிதம் வரும். தன் வண்டிக்கு மட்டும் யாருக்குக் கடிதம் போடுவது என்று அவருக்கே தெரியவில்லை. அந்த மாடலில் மாவட்டத்திலேயே மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

"பிளக்கைப் பார்த்தியா?"

"மூணு மாத்திட்டேன்."

"கார்புரேட்டர்?"

"ஆறு தரம் கழுவியாச்சு. உன் பல் பிரஷ்ஷாலதான் கழுவினேன்."

"என் பிரஷ்ஷாலயா?"

"பழசுதானே."

"நேத்து வரைக்கும் அது புதுசு."

ஓல்ட்ரிச் பேச்சை மாற்றினார். "பாயிண்ட் இடைவெளி சரியா இருக்கு. கண்டென்சர் புதுசு. பெட்ரோல் குழாயை வாயால ஊதியே பார்த்துட்டேன்."

"அதான் ரெண்டு நாளா உன் பக்கத்துல படுக்க முடியல. போன மாசம் பத்திரிகையில என்னமோ எழுதினியே. 'இருமல் கண்டு பதற வேண்டாம், அரை மணி நேர வேலை'னு."

"எழுதறது வேற."

"உனக்கு எத்தனை அரை மணி நேரம் ஆச்சு?"

"ரெண்டு வருஷம்."

மறுநாள் காலை பத்து மணிக்குத் தீயணைப்பு நிலைய முற்றத்துக்குச் சோதனைக் கமிட்டி வருகிறது. தொழிற்சாலையை விட்டு வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிற வண்டிக்குத்தான் பழைய வண்டிக்கான நம்பர் பிளேட். பிளேட் இல்லாவிட்டால் ரோட்டில் இறங்க முடியாது. இரண்டு வருஷமும் இந்த இருமலுக்கு வெட்கப்பட்டே ஓல்ட்ரிச் கமிட்டி இருந்த திசைக்கே போகவில்லை. விளாஸ்டாவின் பொறுமை போன வாரத்தோடு தீர்ந்துவிட்டது.

"நாளைக்கு பிளேட் வரலைன்னா, வண்டி என் தம்பி வீட்டுக் கோழிக் கொட்டாய்க்குப் போகுது. இந்த இடத்துல என் ஃப்ரீசர். வீடு பூரா நூல் கட்டிக் காளான் காயப்போட இனி என்னால ஆகாது."

"சரின்னுதானே சொன்னேன்."

"இருமினா இருமட்டும். அப்படியே கொண்டுபோய்க் காட்டேன்."

"உனக்கு எஞ்ஜின் பத்தி என்ன தெரியும்? வைத்தியர் வண்டியே இருமுதுன்னு ஊர் சிரிக்கும்."

"ஊர் சிரிச்சு ரொம்ப நாளாச்சு" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

ஓல்ட்ரிச் எழுந்து கராஜ் கதவைச் சாத்தினார். மேஜை இழுப்பறையின் அடியில், எண்ணெய்த் துணிக்குள், ஜெர்மனியிலிருந்து தபாலில் வரவழைத்த ஒரு சின்ன எலெக்ட்ரானிக் டப்பா இருந்தது. பழைய பாயிண்ட்டைக் கழற்றிவிட்டு இதை வைத்தால் தீப்பொறி பிசகாது. இதை மாட்டுகிறவர்கள் பழைய வண்டி வைத்துக்கொள்ளவே லாயக்கில்லாதவர்கள் என்று பத்திரிகையில் மூன்று முறை எழுதியவர் அவர்தான். மூன்றாவது முறை கொஞ்சம் காரமாகவே எழுதியிருந்தார்.

மாட்ட இருபது நிமிஷம் ஆயிற்று. பழைய மூடியை மேலே வைத்து இறுக்கினார். வெளியிலிருந்து பார்த்தால் கடவுளுக்கே தெரியாது. கிக்கரை ஒரு மிதி மிதித்தார்.

டுக் டுக் டுக் டுக் டுக் டுக். தையல் மிஷின் தோற்றுப் போகும். ஓல்ட்ரிச்சின் மனசாட்சி ஒரு நிமிஷம் உறுத்தியது. அதற்குப் பிறகு எஞ்ஜின் சத்தத்தில் அது கேட்கவில்லை.

மறுநாள் முற்றத்தில் பதினோரு வண்டிகள் வரிசையாக நின்றன. கமிட்டித் தலைவர் ப்ரோகேஷுக்கு எண்பத்திரண்டு வயது. கையில் தடி, கக்கத்தில் படிவக் கட்டு. ஓல்ட்ரிச்சின் வண்டியைச் சுற்றி வந்து சேஸிஸ் நம்பர், டேங்க் பெயிண்ட், சீட், விளக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போட்டார். ஒரு குறை சொல்லவில்லை. பக்கத்தில் பிளம் பன் தட்டோடு நின்ற விளாஸ்டாவுக்கே கொஞ்சம் ஆச்சரியம்.

"ஸ்டார்ட் பண்ணுங்க, வைத்தியரே."

ஒரே மிதி. வண்டி பிடித்துக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். ஓல்ட்ரிச் மீசையைத் தடவிக்கொண்டார்.

ப்ரோகேஷ் குனிந்து, கண்ணை மூடி, எஞ்ஜின் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டாயிற்று. எதற்கோ காத்திருப்பவர் மாதிரி இருந்தது.

"போதும், நிறுத்துங்க" என்றார் கடைசியில். "பிரமாதமா ஓடுது."

"ரொம்ப நன்றிங்க."

"எப்படி நிறுத்தினீங்க?"

"எதை?"

"இருமலை" என்றார் ப்ரோகேஷ். "இந்த வண்டி செஞ்ச தொழிற்சாலையில எஞ்ஜினைச் சோதிச்சு வெளிய விட்டவன் நான். நாலு தரம் அடிக்கும், அஞ்சாவதா ஒரு இருமல். வெளிய போன ஒவ்வொரு வண்டியும் இருமிக்கிட்டேதான் போச்சு. தொழிற்சாலையை இழுத்து மூடுற வரைக்கும் எங்க இன்ஜினீயர் ஒருத்தராலயும் அதை நிறுத்த முடியல."

ஓல்ட்ரிச் மீசையிலிருந்து கையை எடுத்தார். ப்ரோகேஷ் படிவத்தில் ஏதோ எழுதிக் கிழித்து நீட்ட, விளாஸ்டா அதை வாங்கி உரக்கப் படித்தாள்.

"பிளேட் கிடையாது. காரணம்: எஞ்ஜின் நன்றாக ஓடுகிறது."