கிரேனுக்கு எந்தக் கேபிள்?

மனேஜர் கேபிள் கேட்டலொக்கைக் கிருபாகரனின் கையில் கொடுத்ததைப் பார்த்ததிலிருந்து லூக்காசுக்குச் சோறு இறங்கவில்லை.

பதுளையில், தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை அது. லூக்காஸ் அங்கே பத்தொன்பது வருடமாக எலக்ட்ரீஷியன். கிருபாகரன் வந்து எட்டு மாதம்தான். ஆனால் அதற்கு முன்பு கட்டார் துறைமுகத்தில் கிரேன் வேலை பார்த்தவன்.

வேறு யாராக இருந்தாலும் லூக்காஸ் பொறுத்திருப்பான். இவன் ஸ்பிரிங்வெளிப் பள்ளிக்கூடத்தில் அவனோடு ஒரே வகுப்பில் படித்தவன். கணக்குப் பாடத்தில் லூக்காசைப் பார்த்து எழுதியவன்.

போன மாதம், கூரைக்குக் கீழே ஓடும் கிரேனின் மின்சாரக் கேபிள் தொய்ந்து ஒரு இயந்திரத்தில் சிக்கி அறுந்துபோனது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் மூன்று நாள் வேலை நின்றது. இனி கேபிள் சிக்காதபடி ஒழுங்கான ஏற்பாடு ஒன்றைத் தெரிவுசெய்யும்படி மனேஜர் ஹுமைத் கிருபாகரனிடம் பொறுப்பைக் கொடுத்தார். அதே நாள் லூக்காசைக் கூப்பிட்டு, ஸ்டோரில் ஒரு பல்பு எரியவில்லை, மாற்றிவிடுங்கள் என்றார்.

கேட்டலொக்கில் மூன்று வகை இருந்தது. ஒன்று, சின்னச் சக்கரங்களில் கோர்த்து, ஜன்னல் திரை மாதிரி வளைந்து வளைந்து தொங்கி ஓடும் கேபிள். இன்னொன்று, உருளையில் தானாகவே சுற்றிக்கொள்ளும் கேபிள். மூன்றாவதில் கேபிளே கிடையாது. உறைக்குள் செப்புப் பட்டை இருக்கும். கிரேன் அதைத் தொட்டபடி ஓடி மின்சாரம் எடுத்துக்கொள்ளும்.

கிருபாகரன் தெரிவுசெய்தது, தொங்கும் கேபிளை.

அதைக் கேட்டதும் பல நாளைக்குப் பிறகு லூக்காசுக்குச் சிரிப்பு வந்தது. பத்து வருடம் கட்டாரில் இருந்துவிட்டு வந்தவன் தெரிவுசெய்தது, இருக்கிறதிலேயே பழைய ஏற்பாட்டையா?

ஒரு கிழமை முழுவதும் பஸ்ஸிலும் வீட்டிலும் போனில் கிரேன் வீடியோவாகப் பார்த்தான். தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் புறப்படும் அவசரத்திலும் அவனைக் கவனித்த மனைவி ஜெபமலர், பிள்ளையின் பரீட்சைக்குக்கூட இவ்வளவு அக்கறை காட்டியதில்லையே என்றாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதம் வாசிக்க ஃபாதர் கிருபாகரனைக் கூப்பிட்டார். அவன் வாசித்ததில் ஒரு வார்த்தைகூட லூக்காசின் காதில் ஏறவில்லை. அவன் போட்டிருந்த சட்டை மட்டும்தான் கண்ணில் நின்றது.

அடுத்த சனிக்கிழமை, ஒரு மோட்டரைப் பார்க்கக் கிருபாகரன் பண்டாரவளைக்குப் போயிருந்தான். லூக்காஸ் மனேஜரின் அறைக்குள் போனான்.

"சேர், ஒரு விஷயம். கிருபாகரன் சொன்னதப் போடாதீங்க."

ஹுமைத் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

லூக்காஸ் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் தடங்கலில்லாமல் வந்தது. தொங்கும் கேபிளில் சக்கரம் தேயும், கட்டு தளரும், கிழமைக்கு ஒருதரம் யாராவது மேலே ஏறிப் பார்க்க வேண்டும் என்றான். செப்புப் பட்டையில் அந்தத் தொல்லை எதுவும் இல்லை என்றான்.

"ஒருக்காப் போட்டுட்டா போதும் சேர். வருஷக்கணக்கா யாரும் கிட்டப் போகவே தேவையில்ல. இதுகூடத் தெரியாத ஆள நம்பி இவ்வளவு பெரிய வேலையக் குடுத்திருக்கீங்க."

"யாரும் கிட்டப் போகத் தேவையில்லன்னு நீங்களா சொல்றீங்க?"

"ஆமாங்க சேர். நான்தான் சொல்றேன்."

ஹுமைத் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கொழும்பு ஒஃபிஸ்லயும் அதத்தான் சொன்னாங்க லூக்காஸ். செப்புப் பட்டையப் போடுங்க, பராமரிப்பு வேலை கொறையும், அதுக்குப் பிறகு ஒரு எலக்ட்ரீஷியன் போதும்னாங்க. நிப்பாட்டுற ஆளோட பேரையும் எழுதியிருந்தாங்க."

அந்தப் பேர் யாருடையது என்று லூக்காஸ் கேட்கவில்லை. மனேஜர் தன்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

"கிருபாகரன்தான் விடல. நம்ம பட்டறையில இரும்புத் தூள் பறக்குது, பட்டையில படிஞ்சா கோளாறு வரும், தொங்குற கேபிள்தான் சரின்னாரு. அது உண்மைதான். அதோட விடாம, அதக் கிழமைக்கு ஒருக்கா ஏறிப் பாக்கணும், அதுக்கு இந்தக் கிரேன பத்தொன்பது வருஷமாத் தெரிஞ்ச லூக்காஸ் கட்டாயம் வேணும்னும் எழுதிக் குடுத்தாரு. நேத்துத்தான் கொழும்புல சம்மதிச்சாங்க."

லூக்காஸ் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அவரு சொன்னதையே போடுங்க சேர். நான் வந்து இப்படிப் பேசினேன்னு மட்டும் அவருகிட்டச் சொல்லிறாதீங்க."

"நான் என்னத்தச் சொல்ல?" என்றார் ஹுமைத். "போன கிழமையே கிருபாகரன் எங்கிட்ட வந்து, லூக்காஸ் எனக்கு எதிராப் பேசுவாரு, கோவத்துல பேசுறத நீங்க கொழும்புக்கு எழுதிறாதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு."