விசாரணைக்கு வந்தவர்

அறைக் கதவை உள்ளே தாழிட்டது பெரியவர் ஒலேகாரியோதான். "இனி யாரும் வரமாட்டாங்கம்மா. பயப்படாம சொல்லுங்க" என்றார்.

ரோசெந்தாவுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. புவெர்த்தோ மொன்ட் நகரின் அந்தச் சால்மன் மீன் நிறுவனத்தில் பதினோரு வருடமாக அவள் கணக்காளர். கடைசி ஒன்றரை வருடம் அவளுக்குச் சரியான தூக்கமே இல்லை.

போன வருடம் மார்ச்சில் கடலில் செம்பாசி பெருகி, நான்கு கூண்டுகளில் இருந்த மீன்கள் மொத்தமும் செத்துப் போயின. ஆண்டறிக்கையில் மட்டும் அவை இன்னும் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தன. அதை நம்பி, ஊரில் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள்கூட வரிசையில் நின்று பங்கு வாங்கினார்கள். அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் தலைவர் எவரிஸ்தோ. அவரை எதிர்த்து ஒரு வார்த்தை கேட்க இயக்குநர் குழுவில் ஆளில்லை.

போன மாதம் அரசுக் கண்காணிப்பு அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. நிறுவனத்தோடு ஒட்டும் உறவும் இல்லாத ஒருவரைத் தணிக்கைக் குழுவுக்குத் தலைவராக்கி விசாரிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. இயக்குநர் குழு தேடிப் பிடித்தவர்தான் ஓய்வுபெற்ற நீதிபதியான இந்த ஒலேகாரியோ.

அவள் பையிலிருந்து தாள்களை எடுத்து மேசையில் வைத்தாள். செத்த மீன்களை அள்ளிய நாட்கள், கூண்டு வாரியாக எண்ணிக்கை, எல்லாம் அதில் இருந்தன. அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஓரமாக நகர்த்தினார்.

"இதை எண்ணிக் கொடுத்தது யாரும்மா?"

அவள் தயங்கினாள். கூண்டுக்குள் முக்குளிக்கிற ஆட்கள் இரண்டு பேர். இருவருக்கும் பிள்ளைகள் சின்னவை. சாட்சி இல்லாமல் வழக்கு நிற்காது என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். நவெல், செகுந்தோ என்று அவள் சொன்னாள். வீட்டு முகவரியையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"அந்தக் கடிதம்?"

"நான்தான் எழுதினேன் ஐயா." சொன்னதும் நெஞ்சிலிருந்து பாறாங்கல் ஒன்று இறங்கியது போலிருந்தது. "அந்தப் பசங்களுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

"நான் பாத்துக்கறேன்."

அவர் தொலைபேசியை எடுத்தார். கண்காணிப்பு அலுவலகத்துக்குத்தான் பேசப் போகிறார் என்று நினைத்து, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எவரிஸ்தோ மச்சான், மொத்தம் மூணு பேரு. எழுதிக்கோங்க."